ஆளி எங்கே இருக்கிறது?

நாம் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கி இருபதாண்டுகள் ஆகின்றன. மின்கலம், மின்குமிழ், ஆளி ஆகிய மூன்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது, ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன், "சேர், ஆளியைக் குமிழுக்கு முன்னே போடுவதா, பின்னே போடுவதா?" என்று கேட்பான். "எங்கே போட்டாலும் ஒன்றுதான், சுற்று அறுந்தால் விளக்கு அணையும்" என்பதே நமது விடை. உலர்மின்கலத்துக்கு அது முற்றிலும் சரி. வீட்டுக்கு அது சரியன்று என்பதைச் சென்ற ஐப்பசியில் நமது அடுக்களையே நமக்குக் கற்பித்தது.

அடுக்களை ஆளியை அழுத்தும்போதெல்லாம் சடசடவென்று ஓசை எழுந்தது. மூடியிலும் இளஞ்சூடு தெரிந்தது. அணைத்த பின்னரும் எல்.ஈ.டி. குமிழ் இரவிலே மங்கலாக ஒளிர்ந்தது. குமிழிலேதான் குறை என்று அதனைப் பொருட்படுத்தாது விட்டோம். ஒரு சனிக்கிழமை காலை புதிய ஆளியொன்றை வாங்கிவந்து, பழையதை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றப் போனோம்.

"இஞ்சாருங்கோ, மெயினை நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டார் மனைவியார்.

"விளக்கு அணைந்துதானே கிடக்கிறது?"

"விளக்கு அணைஞ்சால் கம்பியும் அணைஞ்சு போகுமோ?"

பட்டம் பெற்ற நமக்கு மறுமொழி வரவில்லை. ஆளியை அணைத்தாலும் அதனுள்ளே ஒரு முனையில் 230 வோல்ற்று காத்திருக்கக்கூடும். பிரதான ஆளியை நிறுத்தி, அதனை ஒருவரும் மீண்டும் போடாதபடி இளைய மகளைக் காவல் வைத்துவிட்டு மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தவை இரண்டும் கறுப்புக் கம்பிகள். பழைய வீடுகளிலே சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி. புதிய முறையிலே மண்ணிறமும் நீலமும். ஆளியிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி சில வீடுகளிற் கறுப்பாக இருப்பதுண்டு. ஆனால் வருவதும் கறுப்பாக இருந்தது ஐயத்தை எழுப்பியது. வேலையை நிறுத்தி, பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளரை அழைத்தோம்.

அவர் மின்னை மீண்டும் செலுத்தி, ஆளியை அணைத்த நிலையிலேயே குமிழ்தாங்கியைச் சோதித்தார். சோதனைக்கருவி ஒளிர்ந்தது. எவரோ முன்னொருகால் ஆளியை உயிர்க்கம்பியில் வையாது நொதுமற்கம்பியில் வைத்துவிட்டார். விளக்கு அணைந்தது உண்மை. குமிழ்தாங்கியோ இரவும் பகலும் உயிரோடிருந்தது. மங்கலான ஒளியின் காரணமும் அதுவே.

அப்பொழுதுதான் நமது நெஞ்சு திடுக்கிட்டது. சென்ற ஆடியிலே மூத்த மகன் குளித்த ஈரத்தோடு கதிரையில் ஏறி அந்தக் குமிழை மாற்றினான். "தம்பி, ஆளியை அணைத்துவிட்டு மாற்று, பயமில்லை" என்று சொன்னவர் நாமே. ஈர உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால், அதனூடே பாய்வது 0.23 அம்பியர். இதயத்தைத் தடுமாறச் செய்ய அதிற் சிறு பங்கே போதும். புவிக்கு 30 மில்லி அம்பியர் கசிந்தால் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் பெருந்துணைதான். ஆனால் உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருங்கே தொட்டவனை அது அறிந்துகொள்ளாது.

மின்னிணைப்பாளர் உயிர்க்கம்பி ஆளியூடாகச் சென்று பின் விளக்கை அடையும்படி இணைப்பைத் திருத்தினார். அவர் வேலை செய்த ஒழுங்கை நாமும் ஒரு மாணவனைப் போலக் குறித்துக்கொண்டோம். பகலில், உலர்ந்த கையோடு, பிரதான ஆளியை நிறுத்துதல். மின் உள்ள இடமொன்றிலே சோதனைக்கருவியை முன்னும் பின்னும் சரிபார்த்தல். கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கே இருந்தது என்று தாளில் வரைதல். செம்பு வெளியே தெரியாதபடி முனையினுள் செலுத்தி முறுக்கி, இழுத்துப் பார்த்தல். புவிக்கம்பி இருப்பின் அதனை அறுத்துவிடாது உரிய முனையிற் பூட்டுதல். கம்பியின் உறை கருகியிருந்தாலோ, நிறங்கள் ஐயந்தந்தாலோ, அறிந்தவரை அழைப்பதே அறிவு.

திங்கட்கிழமை வகுப்பிலே பழைய படத்தையே மீண்டும் வரைந்தோம். "ஆளி எங்கே இருந்தாலும் விளக்கு அணையும், ஆனால் விளக்கு அணைவதும் ஆபத்து நீங்குவதும் ஒன்றல்ல" என்றோம். பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, "சேர், எங்கள் வீட்டிலும் குமிழ் அணைத்த பின் மினுங்குகிறது" என்றான். அன்று மாலையே தந்தையாரிடம் சொல்லும்படி அவனை அனுப்பிவைத்தோம்.