எங்கட பேர் எந்த இடாப்பில்?

2024 குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் வந்த அன்று நாங்கள் ரெண்டு பேரும் கெம்பஸ் லீவில் ஆலங்குடா வீட்டில்தான் நின்றோம். வந்தவர் உம்மம்மாவிடம், "பிறந்த மாவட்டம்?" என்று கேட்டார்.

"மன்னார். முசலிப் பக்கம்."

"இப்ப இருக்கிறது?"

உம்மம்மா கொஞ்சம் யோசித்தார். "இப்பைக்கு இங்க."

அந்த 'இப்பைக்கு' என்ற சொல்லுக்கு 34 வயது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 75,000 பேர் அளவில் வெளியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி புத்தளத்துக்கு வந்தது. கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை தொடங்கியது. நாங்கள் பிறந்தது அதுக்குப் பிறகு, இங்கதான்.

போன செமஸ்டரில் இடப்பெயர்வு பற்றிய பாடத்தில் ஓர் அட்டவணை தந்தார்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளில் வாழும் பிரித்தானியர்களுக்கு வழங்கப்பட்ட வதிவிட அனுமதிகள், நாடு வாரியாக. முதலில் எங்களுக்குக் கொட்டாவிதான் வந்தது. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. பிரான்ஸ் உட்பட 13 நாடுகளில், ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவரும் விண்ணப்பித்தால்தான் உரிமை. ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளில் உரிமை சட்டப்படி தானாகவே வரும். அட்டை அதுக்கு அத்தாட்சி மட்டும். ஆகவே ஒரே தலைப்பின் கீழே இருக்கிற எண்கள் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. அட்டை எடுக்காதவர் அட்டவணையில் இல்லை. ஆனால் ஆள் வீட்டில் இருக்கிறார்.

எங்களுக்கு உடனே வீடுதான் ஞாபகம் வந்தது.

இங்கு வந்தவர்களில் கனபேர் புத்தளத்து வாக்காளர் இடாப்பில் பேர் பதியவில்லை. பதிந்தால் அகதி நிவாரணம் போய்விடும், ஊருக்குத் திரும்பும் உரிமையும் காணியும் கைவிட்டுப் போகும் என்ற பயம். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பிலேயே பதியலாம் என்று 2013இல் சட்டமும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பேர் மன்னாரில் இருக்க, தண்ணீர் குடித்தது புத்தளத்துக் கிணற்றில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் இங்க. எங்களுக்கு இடம் தந்த புத்தளத்து மக்கள்தான் எண்ணிக்கையில் வராத எங்களோடு அதைப் பங்குபோட்டார்கள். அவர்களுக்கும் அதில் ஒரு மனக்குறை இருக்கு. அது நியாயமில்லை என்று எங்களால் சொல்ல ஏலாது.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். வாப்பாவும் அன்றிரவு பஸ் ஏறிப் போனவர்தான். அவர் போன் எடுக்கும் வரைக்கும் உம்மா தஸ்பீஹைக் கீழே வைக்கவில்லை. ஒரு வாக்குப் போட இவ்வளவு தூரம் ஏன் போகணும் என்று நாங்கள் அப்போது கோபத்தோடு கேட்டோம். "அங்க பேர் இருந்தாத்தான் அங்க மண் இருக்கும்" என்றார் வாப்பா.

பதினெட்டு வயதானதும் எங்கள் பேரையும் முசலியில்தான் பதிந்தார். எங்களிடம் கேட்கவில்லை. இப்போது நாங்கள் கேட்கிறோம். பேரைப் புத்தளத்துக்கு மாற்றினால் உம்மம்மாவின் ஊரை நாங்களே அழித்த மாதிரி. மாற்றாவிட்டால், நாங்கள் பிறந்து வளர்ந்த இடத்தில் நாங்கள் இல்லை.

இந்த முறை படிவம் வந்ததும் நாங்களே நிரப்புவதாக வாப்பாவிடம் சொல்லிவிட்டோம். ராத்தா புத்தளம் என்கிறாள். எங்களில் மற்றவருக்கு இன்னும் மனம் வரவில்லை. உம்மம்மாவிடம் கேட்டோம்.

"எங்க எழுதினாலும் எழுதுங்க புள்ள," என்றார். "'இப்பைக்கு' எண்டு மட்டும் இனி எழுதாதீங்க."