முடிச்சைப் பிள்ளையிடம் விடுங்கள்

தேக்காவில் ஈர்க்கு விளக்குமாறு வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் சிரிப்பார். நான் பெருக்குவதற்கு வாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு கட்டைப் பிரித்தால் நீண்டு நிமிர்ந்த ஈர்க்கு இருபதாவது தேறும். ஜூன் விடுமுறையில் எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் ஆறு பிள்ளைகளுக்கு அது போதும்.

பட்டத்தின் அளவு எளிது. 40 செ.மீ. சதுரத்தில் மெல்லிய வண்ணத்தாள். மூலைக்கு மூலை 56 செ.மீ. நீள நடுத்தண்டு. குறுக்கே 65 செ.மீ. வில், அதை வளைத்து இரு பக்க மூலைகளிலும் ஒட்ட வேண்டும். பசைக்கு மீந்த சோறு. அதையும் அள்ளிப் பூசினால் பட்டம் கனத்துவிடும்.

சிக்கல் வில்லில்தான். ஈர்க்கு அடியில் தடித்திருக்கும், நுனியில் மெலிந்திருக்கும். அப்படியே வளைத்தால் மெலிந்த பக்கம் கூடுதலாக வளையும்; பட்டம் ஒரு பக்கமாகவே சாயும். முன்பெல்லாம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இப்போது சொல்வதில்லை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, மூன்று முறை விழுந்த பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தக் குச்சி ஒரு பக்கம் குண்டா இருக்கு" என்றாள். வில்லைப் பிரித்தெடுத்து விரல் நுனியில் நிறுத்தச் சொன்னேன். தடித்த பக்கம் தாழ்ந்தது. சற்று நேரம் யோசித்தாள். பிறகு இன்னோர் ஈர்க்கை எடுத்து, அடியும் நுனியும் மாறி வரும்படி இரண்டையும் சேர்த்து வைத்து, நூலால் மூன்று இடத்தில் கட்டினாள். வில் விரலில் ஆடாமல் நின்றது. தாள் கிழிந்து போயிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை.

அடுத்தது சூத்திரம். தண்டும் வில்லும் சந்திக்கும் இடத்தில் நூலின் ஒரு முனை, வால் மூலைக்கு ஒரு சாண் மேலே மறுமுனை. இரண்டுக்கும் நடுவே, பறக்கவிடும் நூலைக் கட்ட, நகர்த்தக்கூடிய ஒரு சுருக்கு. பட்டம் விண்ணென்று இழுக்கிறது, ஆனால் ஏறவில்லை என்றால் சுருக்கை அரை விரல் மேலே தள்ள வேண்டும். ஏறியபின் துவண்டு மூக்குக் குத்தினால் கீழே இறக்க வேண்டும். வட்டமடித்துக்கொண்டே இருந்தால் வாலை நீட்ட வேண்டும். பாடம் இவ்வளவுதான். அந்தச் சுருக்கை நான் தொடுவதில்லை. கூட வரும் அப்பாமார்களையும் தொட விடுவதில்லை. கை துறுதுறுக்கும் என்பது எனக்கும் தெரியும்.

பறக்கவிட மரினா பராஜுக்குப் போவோம். 2008இல் திறந்த அந்த அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் கடற்காற்றை மறிக்க ஒன்றுமில்லை. 60 மீட்டருக்கு மேல் பட்டம் ஏற வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்துக்கு 5 கி.மீ.க்குள்ளும் அப்படியே. அதனால் 50 மீட்டர் நூல்தான் சுற்றி எடுத்துப்போவோம். வெறும் பருத்தி நூல். மாஞ்சா கிடையாது. காற்றில் தெரியாமல் நிற்கும் கண்ணாடித் தூள் நூல், சைக்கிளில் வருகிறவர் கழுத்தையும் அறுக்கும்.

"விமானமெல்லாம் மேல போகுதே, அதுக்கு யார் நூல் பிடிக்கிறா?" என்று ஒரு பொடியன் கேட்டான். அவனுக்கு ஃபேரர் பார்க் கதையைச் சொன்னேன். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். அங்கே அன்றிருந்த குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. ஓட்டியவர் பெல்ஜியத்துக்காரர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ். விமானத்தின் பெயர் பிரிஸ்டல் பாக்ஸ்கைட், அதாவது பெட்டிப் பட்டம். மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பி. பொடியன் தன் கையிலிருந்த ஈர்க்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

கடையில் வாங்கிய பட்டம் விழுந்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். தானே செய்தது விழுந்தால் முடிச்சைப் பார்க்கும். ஆகவே பெற்றோரே, விளக்குமாறு வாங்கிக் கொடுங்கள், ஈர்க்கை நீங்களே நறுக்கிக் கொடுங்கள், சோற்றையும் குழைத்துக் கொடுங்கள். அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.