மேல் முனையைக் கழற்றிப் பார்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய வயர்லெஸ் பட்டறையில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. விசைப்படகுகளின் வி.எச்.எஃப் செட்டைப் பழுது பார்ப்பதும் அதற்கு ஆன்டெனா கட்டிக் கொடுப்பதும் மாஸ்டரின் தொழில். டிப்ளமோ படித்தபோது ஆன்டெனாவை நான் தாளில்தான் பார்த்திருந்தேன்.

முதல் நாளே அவர் என் கையில் வைத்தது நானோ வி.என்.ஏ. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி, 2.8 அங்குலத் திரை. ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் வடிவமைத்துப் பொதுவில் வைத்தது, 2019 வாக்கில் சீனத் தயாரிப்பாக உலகெங்கும் பரவியது. லட்சங்கள் விலை சொல்லும் ஆய்வகக் கருவியின் வேலையைச் சில ஆயிரம் ரூபாயில் செய்கிறது. ஆன்டெனாவுக்குள் துளியூண்டு சிக்னலை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. அதைச் சொல்லும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுமே திரும்பாவிட்டால் அது 1. அது 2 ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு சக்தி திரும்புகிறது. 3 ஆனால் நாலில் ஒரு பங்கு.

அளக்கும் முன் ஓப்பன், ஷார்ட், லோடு என்று மூன்று குமிழ்களை மாற்றி மாற்றி முறுக்கிக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். அதையும் கேபிள் எங்கே முடிகிறதோ அங்கே செய்ய வேண்டும். நான் பெட்டியின் வாயிலேயே செய்துவிட்டு, பிறகு ஒரு மீட்டர் வயரைச் செருகி அளந்து, ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன்.

அடுத்தது கம்பி வெட்டுவது. கடலில் எல்லோரும் காது வைத்திருக்கும் சானல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதால் வகுத்தால் அலை நீளம் 1.91 மீட்டர்; அதில் கால் பங்கு 47.8 சென்டிமீட்டர். கம்பியின் தடிமனுக்காக ஏறக்குறைய 5 சதவீதம் கழிக்க வேண்டும். நான் அவசரப்பட்டு 44-இல் வெட்டினேன். திரையில் எஸ்.டபிள்யூ.ஆர் கோடு இறங்கும் பள்ளம் 162-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. "வெட்னத ஒட்ட முடியாது மா. 48 விட்டுட்டு அரத்தால தேய்ச்சுட்டு வா," என்றார். அப்படித் தேய்த்தபோது, அரை சென்டிமீட்டருக்கு ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் வீதம் பள்ளம் வலப்பக்கம் நகர்ந்ததை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆன்டெனாவின் அடியில் இருக்கும் நாலு கம்பிகள் படுக்கையாக இருந்தபோது 1.4 காட்டியது. ஒவ்வொன்றாகக் கீழே வளைக்க வளைக்கப் பள்ளம் ஆழமாகி 1.1-க்கு வந்தது. இப்படி வளைக்கும்போது ஆன்டெனாவின் மின்மறுப்பு 36 ஓமிலிருந்து 50 ஓம் ஆவதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்று என் விரல்களே அதைச் செய்தன.

ஆனால் தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பழைய போட். சில மைல் தாண்டினால் தான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை என்றார் டிரைவர் அண்ணன். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் கப்பல்கள் வந்து போகும் பாதையில், ராத்திரியில் இது உயிர்ப் பிரச்சினை. கேபினில் கேபிளைக் கழற்றிக் கருவியில் மாட்டினேன். 1.2. "ஆன்டெனா சூப்பரா இருக்கு, செட்டுதான் கோளாறு," என்றேன்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டார். "இப்ப பாரு."

1.6.

ஆன்டெனாவே இல்லை, எண் எகிறியிருக்க வேண்டும். நல்ல கேபிளாக இருந்தால் 3-ஐத் தாண்டியிருக்கும். அனுப்பிய சிக்னல் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கேபிளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. திரும்பி வராததை எல்லாம் வானத்துக்குப் போய்விட்டதாக நான் கணக்கில் எடுத்திருக்கிறேன். கணக்குப் போட்டால் 25 வாட் செட்டிலிருந்து 6 வாட்கூட மேலே ஏறவில்லை. கறுப்புத் தோலைக் கீறியபோது செப்பு வலை பச்சைக் களிம்பேறி, நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. மேல் முனையில் டேப் விட்டுப்போன இடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கி, 12 மீட்டரும் ஊறியிருந்தது. புதுக் கேபிள் போட்டதும் டிரைவர் அண்ணன் பழவேற்காட்டுக்கு நேரே நின்ற போட்டோடு பேசினார்.

விமானத்தை வீட்டிலேயே கட்டுபவர்களும் இதே பெட்டியோடுதான் உட்கார்கிறார்கள். அவர்களுடைய பேச்சு அலைவரிசை 118-இலிருந்து 137 வரை, 19 மெகாஹெர்ட்ஸ் அகலம். நம்முடையதோ 156-க்கும் 162-க்கும் நடுவில் முடிந்துவிடும். அந்த அகலம் முழுக்க எண்ணை 2-க்குள் வைக்க, மெல்லிய கம்பிக்குப் பதில் பட்டையான செப்பு டேப்பை ஃபைபர் உடலுக்குள் ஒட்டுகிறார்கள். ஃபைபரில் ஆன்டெனாவுக்கு அடித்தளமாக உலோகம் கிடையாது, அதனால் இரண்டு கைகளுள்ள டைபோல்.

நம் ஃபைபர் போட்டுக்கும் அதே தொல்லை என்பதால் இந்த வாரம் ஒன்றை முயன்று பார்க்கிறேன். பிளைவுட் பலகையில் செப்பு டேப், கை ஒன்றுக்கு 48 சென்டிமீட்டர். இன்னும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. கேபிளின் மேல் முனையைக் கழற்றி அளந்துவிட்டேன். 4-க்கு மேலே நிற்கிறது.