ஒலிப்பொருத்தம்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தல் நம் நாட்டு வழக்கம். ஒலிபெருக்கிக்கும் அதனை இயக்கும் ஆம்ப்ளிபையருக்கும் அவ்வாறே பொருத்தம் பார்த்தல் வேண்டும் என்பதை யான் பொருட்செலவாலும் மனவருத்தத்தாலும் அறிந்துகொண்டேன். அவ்வனுபவத்தை நம் மலரின் நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தாய்மாமன் சோழவந்தானுக்கு அருகில் மைக் செட் வாடகைக்கு விட்டு வாழ்ந்தவர். திருவிழாவாயினும், திருமணமாயினும், காதணி விழாவாயினும், மூங்கிற் கம்பத்தின் உச்சியில் அவர் கட்டிய குழாய்களே ஊருக்குச் செய்தி சொல்லும். மார்கழி மாதத்து வைகறையில் வைகைக்கரை நெல்வயல்களைக் கடந்து அவ்வோசை எங்கள் திண்ணையை எட்டும்பொழுது, எத்துணைப் பெரிய இயந்திரம் அதனை இயக்குகின்றதோ என்று சிறுவனாகிய யான் வியப்பேன். உண்மையில் அது பெரிதன்று. குழாயின் அடியிலுள்ள சிறு தகடு அதிரும்பொழுது, படிப்படியாக விரியும் அதன் வாய் அவ்வதிர்ச்சியை வெளிக்காற்றோடு நன்கு இணைத்துவிடுகின்றது. ஆதலின் ஒரு வாட் மின்னாற்றலுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், ஏறக்குறைய 105 டெசிபல் ஒலி பிறக்கின்றது. நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் ஆற்றல் வீணாகாதிருக்க, 100 வோல்ட் அளவில் அனுப்பி, ஒவ்வொரு குழாயின் அருகிலும் ஒரு டிரான்ஸ்பார்மரால் குறைத்துக்கொள்வர். இவையெல்லாம் மாமா எனக்குக் கற்பித்த முதற்பாடங்கள். ஆயின், நாற்பதாண்டுக் காலம் அக்குழாய்களின் அடியிலேயே நின்றமையால் அவர் செவி மந்தமாயிற்று.

நிற்க. சென்ற ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் எனக்கு ஒரு சோடி ஆங்கில ஒலிபெருக்கிப் பெட்டிகளை அன்பளிப்பாகத் தந்தார். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் 1970-களில் தம் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் அமைப்பைச் சார்ந்தவை அவை. உயரம் ஓரடியே. வண்டியின் குறுகிய இடத்தில் அமர்ந்து பேச்சையும் பாட்டையும் நுணுகிக் கேட்டுப் பிழை காண்பதற்கென்றே தோன்றியவை. மதுரை நகரிலுள்ள எங்கள் மாடியறையில் அவற்றை வைத்து, வீட்டிலிருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையரோடு இணைத்து, மாமாவை நாற்காலியில் அமர்த்தி, எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். 1916-இல் இம்மதுரையிலேயே பிறந்த அம்மையாரை மாமா என்றும் "நம்ம ஊர்க் குரல்" என்றே கூறுவார்.

குரல் மெலிந்தும் சற்றே கூர்மையாகவும் ஒலித்தது. மாமா செவியருகே கையைக் குவித்தார். அவருக்குக் கேட்கவில்லையே என்ற பதற்றத்தில் யான் குமிழை முழுவதும் திருகினேன். பாட்டு கரகரத்தது, சிறிது நேரத்தில் இடப்பக்கப் பெட்டியின் ட்வீட்டர் வாயடைத்துப்போயிற்று. "எரிச்சுப்புட்டியே, மாப்பிள்ளை" என்றார் மாமா. கேளாச் செவிக்கும் அது மட்டும் தெரிந்திருந்தது!

குற்றம் பெட்டியினதன்று, கருவியினதுமன்று, இரண்டையும் சேர்த்துவைத்த என்னுடையதே. அப்பெட்டி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 83 டெசிபல் ஒலியே தரும். மாமாவின் குழாய் ஒரு வாட்டில் எழுப்பும் ஓசையை இதனிடம் பெற 150 வாட்டுக்கு மேல் வேண்டும். அத்துணை ஆற்றலை இது தாங்கவும் தாங்காது. அன்றியும் இதன் மின்மறிப்பு 15 ஓம். 8 ஓமில் 40 வாட் ஈயும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் 15 ஓமில் 21 வாட் அளவே ஈயும். எல்லை மீறித் திருகினால் ஒலியலைகளின் முடி வெட்டுண்டு, பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் பெருகி, ட்வீட்டரின் நுண்ணிய கம்பிச்சுருளைச் சுட்டுவிடும்.

ட்வீட்டரை மாற்றியபின், வானொலி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் தம் பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை இரவல் தந்தார். ஆற்றல் 15 வாட்டே. ஆயினும் 4, 8, 16 ஓம் என மூன்று முனைகள் அதன் டிரான்ஸ்பார்மரில் இருந்தன. பெட்டிகளைப் பதினாறில் இணைத்தோம். சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்தமையால் கீழே ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்கு அன்னையாரின் பழைய சுங்குடிச் சேலையைத் திரையாக இட்டேன். பெட்டிகளைச் சுவரினின்று இரண்டடி முன்னே நகர்த்தினேன்.

அதே இசைத்தட்டுத்தான். ஆயின் இம்முறை குரல் பெட்டிகளிலிருந்து வரவில்லை; இரண்டுக்கும் இடையே, தரையில் ஒருவர் அமர்ந்து பாடுமிடத்திலிருந்து வந்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு தெரிந்தது. மிருதங்கத்தின் வலந்தலை விரல்பட்ட இடம் விளங்க ஒலித்தது. இடந்தலையின் ஆழ்ந்த முழக்கம் மட்டும் குறைவே. சிறு பெட்டி அதனைத் தர இயலாது. பின்புலத்தில் தம்புரா ஓய்வின்றி மின்னிக்கொண்டிருந்தது.

மாமா நாற்காலியை விட்டிறங்கி, ஜமுக்காளத்தில் பெட்டிகட்கு அருகே அமர்ந்து, கண்களை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும், "குரல் நல்லாக் கேக்குது, மாப்பிள்ளை. தம்புரா இல்லாமலா பாடுறாங்க?" என்று வினவினார்.

"இருக்கு, மாமா" என்றேன்.

சற்று நேரம் வாளாவிருந்தார். "அப்படின்னாச் சரி. நீ கேட்டுக்க" என்றார்.

ஆம்ப்ளிபையருக்கும் ஒலிபெருக்கிக்கும் அறைக்கும் பொருத்தம் பார்த்த யான், அவற்றிற்கு மேலான செவி என்னும் கருவியை எண்ணவில்லை. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்கட்கு வழங்கும் ஓர் அளவு. 3 டெசிபல் ஏறுந்தோறும் காலம் பாதியாகும். எனவே 100 டெசிபலில் 15 நிமிடமே. மாமாவோ திருவிழாதோறும் இரவும் பகலும் நின்றார். ஊரார் பாட்டுக் கேட்டு மகிழ, அவர் தம்புராவை இழந்தார்.

எரிந்த ட்வீட்டருக்கு மாற்று கடையில் கிடைத்தது. செவிக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. காதிற் செருகும் கருவிகளோடு வகுப்பிற்கும் விடுதிக்கும் நடக்கும் நண்பர்காள், இதனைச் சற்றே சிந்திப்பீராக. மாமா வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாங்கள் இருவரும் அந்த ஜமுக்காளத்தில் பெட்டிகட்கு அருகே அமர்கின்றோம். குமிழை யான் பாதிக்கு மேல் திருகுவதில்லை. அவரும் திருகச் சொல்வதில்லை.