ஒரு வேலிக்குள் இரு நிலம்

பூமியதிர்ச்சியைப்பற்றிப் பேசுங்கால், அதன் வலிமை எவ்வளவு, அது பிறந்த இடம் எத்துணைத் தூரம் என்னும் இரண்டையுமே நாம் கேட்கின்றோம். நம் காலடியிலுள்ள நிலம் அதற்கு என்ன மறுமொழி கூறும் என்று வினவுவார் சிலரே. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மெக்ஸிக்கோ நகரைக் குலைத்த அதிர்ச்சி பிறந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால். அந்நகரில் பாறைமேல் நின்றவை பெரும்பாலும் தப்பின. பண்டை ஏரியின் களிமண்மேல் நின்ற மாடங்கள் பல வீழ்ந்தன. அக்களிமண்ணில் ஓரிடத்துக் கருவி, பாறைமேலிருந்த கருவி காட்டியதினும் நான்கைந்து மடங்கு ஆட்டம் காட்டிற்று. வந்த அலைகளுள் தன் இயல்பான ஊசலுக்கு ஒத்ததை அம்மண் பற்றிக்கொண்டு பெருக்கிவிட்டது.

அங்ஙனமாயின், களிமண்ணை விலக்கிப் பாறைமேல் அணுவுலையைக் கட்டினால் அச்சமில்லை அன்றோ எனின், ஜப்பானியக் கடற்கரையில் ஏழு உலைகளையுடைய கஷிவசாகி-கரிவா நிலையத்தை நோக்குக. 2007ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அதன் அருகே கடலடியில் அதிர்ச்சி தோன்றியது. முதலாம் உலையின் அடித்தளம் தாங்குமாறு கணக்கிட்டிருந்தது 273 கால். அன்று வந்தது 680 கால். (கலிலியோவின் பெயரால் அமைந்த அலகு இது, நாம் நடக்கும் கால் அன்று. பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 980 கால்.) அதே வேலிக்குள், அதே பொழுதில், ஆறாம் உலை கண்டது 322 கால்தான்!

இவ்விரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்து நாம் திகைத்தோம். ஆராய்ந்தோர் கண்ட காரணம் மேற்பரப்பில் இல்லை. ஆழத்தே பாறைப் படிவுகள் மடிந்தும் வளைந்தும் கிடந்து, ஒளியைக் குவிக்கும் வில்லையைப்போல், அலைகளை ஒருபால் மிகுதியாகத் திருப்பிவிட்டன. இடந்தேர்வோர் கட்டடத்தின் அடியை மட்டும் துளையிட்டுப் பார்த்தல் போதாது. ஆழ்துளைகளில் கருவிகளை இறக்கி, சிற்றதிர்ச்சிகள் ஒவ்வொரு மூலைக்கும் எவ்வாறு வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அளத்தல் வேண்டும். அப்பொறுமைக்குச் செலவு மிகுதி. ஆயினும் உலை எழுந்தபின் நிலத்தை மாற்ற இயலுமோ?

அன்று ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமே நின்றன. மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. கதிரியக்கமுள்ள நீர் சிறிது கடலிற் கலந்தது. முதன்மையான பாதுகாப்புக் கருவிகள் பெருஞ்சேதமுறவில்லை. இதனைக் கொண்டு நிம்மதியடைவாருமுளர். நமக்கோ அது முழு நிம்மதியன்று. கட்டினோர் பல படிகளிலும் சேர்த்துவைத்த மிகுவலிமையே அவ்வூராரைக் காத்தது. நிலத்தைப்பற்றிய கணக்கு காக்கவில்லை.

பின்னர் அக்கணக்கைத் திருத்தி எழுதினர். முன்பு நிலையம் முழுமைக்கும் அடியிலுள்ள உறுதிப்பாறைக்கு 450 கால் என்றிருந்தது, முதல் நான்கு உலைகளின் பக்கத்திற்கு 2300 என்றும், ஏனைய மூன்றின் பக்கத்திற்கு 1209 என்றும் இரண்டாயிற்று.