விளக்கும் கைவலையும்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி இங்கே மண்ணூரில் கரண்ட் போயிற்று. மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேரன் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம், ஒரு உப்பங்கழியில் அப்பன், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். கையில் விளக்கு, இன்னொரு கையில் நீளக் காம்பு வைத்த வலை. இறால் பிடிக்கிறார்கள். அமாவாசைக்காகக் காத்திருந்து குடும்பத்தோடு கிளம்புவார்களாம். ஆளுக்கு 10 லிட்டர் அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறதாம்.

"தாத்தா, செம ஐடியா இல்ல?" என்றான்.

"இதை நான் பன்னிரண்டு வயதில் செய்திருக்கிறேன்டா" என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாதது அவன் தப்பில்லை. அவன் பார்த்த தாத்தா பென்ஷன் புத்தகமும் சர்க்கரை மாத்திரையுமாக இருப்பவர். அவனுக்குச் சொன்னதையும், அவனிடம் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு அப்போது புதுச்சேரிக்குத் தெற்கே முருங்கப்பாக்கத்தில். செஞ்சியாறு என்கிற சங்கராபரணி கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சுண்ணாம்பாறு, மற்றது அரியாங்குப்பம் ஆறு. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது. பேர்தான் ஆறு, மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் உப்புத் தண்ணீர். கடல் ஏறினால் ஏறும், வற்றினால் வற்றும். கொஞ்ச தூரத்தில் அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டி, ரோமாபுரி மண்பாண்டங்களைக் கண்டெடுத்த அதே மேடுதான். ஒயினும் எண்ணெயும் மட்டுமல்ல, மீனை ஊறவைத்து இறக்கிய ஒரு குழம்பையும் அவர்கள் ஜாடியில் அடைத்துக் கொண்டுவந்தார்களாம். இறால் துள்ளுகிற ஆற்றுக்கு மீன்குழம்பைக் கப்பலில் ஏற்றி வந்தவர்களை என்ன சொல்வது? எங்களுக்கு அந்த வயதில் ரோமாபுரியெல்லாம் தெரியாது. மேட்டில் நிற்கும் பழைய பாதிரிமார் கட்டடத்துச் செங்கல் தூண்களில் பேய் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு அப்புறமும் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில் ஒரு வளையமும் பையும் காம்பும் வரைந்து, கீழே 'எபுயிஸெத்' என்று எழுதினார். பிரான்சில் கடல் வற்றும் நேரத்தில் பிள்ளைகள் இதை எடுத்துக்கொண்டு 'க்ரெவெத்' பிடிக்கப் போவார்கள் என்றார். நான் எழுந்து, "ஷே நூ ஓஸி, முசே" என்றேன். எங்கள் ஊரிலும்தான், ஐயா. வகுப்பே சிரித்தது. மற்றவர்களெல்லாம் டவுன் பிள்ளைகள், அவர்கள் வீட்டில் இறால் கூடைக்காரி தலையில்தான் வரும்.

எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓர் அண்ணன். அவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் விளக்கண்ணன். கடலுக்குப் போகிற குப்பத்து ஆள் இல்லை அவர். படகும் கிடையாது, கட்டுமரமும் கிடையாது. பகலில் கிடைத்த கூலி வேலை. ராத்திரி ஆறு.

தை, மாசி மாதத்து அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் கணக்கு. அமாவாசையன்று எங்கள் கரையில் ராத்திரி எட்டு, ஒன்பது மணி வாக்கில் ஏத்தம் உச்சத்துக்கு வந்து நிற்கும். பிறகு வத்தம் தொடங்கும். நாளுக்கு முக்கால் மணி நேரம் போலத் தள்ளிக்கொண்டே போகும். பௌர்ணமிக்கும் ஏத்தம் வத்தம் பலமாகத்தான் இருக்கும், ஆனால் நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு மரியாதை இல்லை. இருட்டும் வேண்டும், இழுப்பும் வேண்டும். இரண்டும் சேருவது அமாவாசையில்தான்.

ஏன் இழுப்பு என்றால், வெள்ளை இறால் முட்டை போடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்து, மூன்று நான்கு மாதம் தின்று பெருத்து, திரும்பக் கடலுக்குப் போகும். போகிற பயணம் ராத்திரியில், வடிகிற தண்ணீரோடு. நாங்கள் நின்றது அந்தப் பாதையில்.

விளக்கு பெட்ரோமாக்ஸ். சொந்தமில்லை, கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடும் கடையில் எடுப்பது. முகூர்த்த நாளில் விளக்கு கிடைக்காது. அமாவாசையில் முகூர்த்தம் வைப்பவர்கள் குறைவு என்பதால் எங்களுக்குக் கவலை இருந்ததில்லை. ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்ப் அடித்து, மேண்டில் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு 'உஸ்' என்று சத்தம் வரும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும். விளக்கின் ஒரு பக்கம் தகரத்தை வளைத்துக் கட்டியிருப்பார். வெளிச்சம் தண்ணீருக்குப் போகவேண்டும், நம் கண்ணுக்கு வரக்கூடாது. கைவலை அவரே செய்தது: கம்பி வளையம், மூங்கில் காம்பு, பருத்தி நூல் பை. இடுப்பில் ஓலைப் பறி.

விளக்குப் பிடிப்பது என் வேலை. சுலபம் என்று நினைக்காதீர்கள். ஆடக்கூடாது, நம் நிழல் முன்னால் விழக்கூடாது, காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நடக்கவேண்டும். தூக்கி வைத்தால் திருக்கை மேல் மிதித்துவிடலாம், அதன் வால் முள் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது.

இறாலின் கண் காம்பின் நுனியில் இருக்கிறது அல்லவா, அதற்குள் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. விளக்கு பட்டதும் இரண்டு கண்ணும் தணல் பொறி மாதிரிச் சிவக்கும். முதல் தடவை பார்த்தபோது ஆற்றடியில் யாரோ ஊதுபத்திகளைக் கொளுத்தி வைத்திருப்பதாக நினைத்தேன். நூறு, இருநூறு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

"முன்னாடி போயி புடிக்காத தம்பி. எறா பின்னாலதான் ஓடும்" என்பார் அண்ணன். வலையை மெல்ல வால் பக்கம் இறக்கி, தலைப் பக்கம் கால் விரலால் ஒரு தட்டு. அது வாலை மடக்கி ஒரே வெட்டில் பின்னால் பாயும், நேரே வலைக்குள். காம்பை ஒரு திருப்புத் திருப்பினால் பை வளையத்தின் மேல் மடங்கிக்கொள்ளும். துள்ளினாலும் வெளியே வராது. சுண்டு விரலைவிடச் சின்னது வந்தால் தண்ணீரிலேயே உதறிவிடுவார். "அடுத்த அமாவாசைக்கு வரட்டும்."

விடியலில் கூறு போட்டு விற்றுவிடுவார். எனக்கு இரண்டு கை அள்ளித் தருவார். அம்மா அதை முருங்கைக்காயோடு போட்டு வைத்தால் தெருவுக்கே வாசனை. ராத்திரியில் ஆற்றுக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை; அவரைச் சம்மதிக்க வைத்தது அந்தக் குழம்புதான்.

இரண்டாம் வருஷம் மாசியில் அது நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் இருந்தோம். மடவைக்கு வெளிச்சம் ஆகாது, கண்டபடி எகிறும். ஒன்று என் முகத்திலேயே வந்து அடித்தது. பயத்தில் கை சாய்ந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் சுட்டுக்கிடந்த கண்ணாடி டப்பென்று விட்டது, மேண்டில் உதிர்ந்தது. அந்த மாதிரி இருட்டை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நான் அழுதேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கால்ல பாரு. அது கடல். அதுக்குக் குறுக்கால நடந்தா கரை. அவ்வளவுதான்."

கடைக்காரரிடம் அண்ணன், "நான்தான் தவற வுட்டுட்டேன்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விளக்குக் காசுக்காக அந்த மாதம் முழுக்க அவர் பிடித்ததில் பாதி கடைக்காரர் வீட்டுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் இது தெரியவே தெரியாது.

பிறகு பிரேவே பரீட்சை, சர்வீஸ் தேர்வு, வேலை. குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே மேல் படிக்கட்டு வரை ஏறினேன். டவுனுக்குக் குடிபோய்விட்டோம். அவரைப் பொங்கலுக்கோ தேர்த் திருவிழாவுக்கோ பார்த்தால், "நல்லா இருக்கியா தம்பி" என்பார்.

2004 டிசம்பர் 26. சுனாமி முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள்ளும் ஏறி வந்தது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். எது என்பது வேண்டாம், சொல்லப்போவது என் கை எழுதியதைப் பற்றி. நிவாரண மனுக்கள் கட்டுக் கட்டாக வந்தன. என் மேஜைக்கு வந்த ஒரு கட்டில் அவர் மனு இருந்தது. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக்கொடுத்த கையெழுத்து. 'இழந்த தொழில் சாமான்: பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, கைவலை இரண்டு, பறி ஒன்று.' கீழே கைநாட்டு.

படிவத்தில் படகுக்குக் கட்டம் இருந்தது, கட்டுமரத்துக்கு இருந்தது, எஞ்சினுக்கு இருந்தது, வலைக்கு எத்தனை கிலோ என்று இருந்தது. விளக்குக்கு இல்லை. மனுதாரர் பெயர் எந்தக் குப்பத்துப் பட்டியலிலும் இல்லை. நான் ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்திருக்கலாம். 'இவர் மீன்பிடித் தொழில் செய்பவர் என்பது எனக்கு நேரில் தெரியும்' என்று ஒரு வரி. மேலே இருந்தவர் நல்ல மனிதர், ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பார். அன்றைக்கு மேஜையில் நானூறு தாள் இருந்தது. எல்லாவற்றுக்கும் எழுதுகிற மாதிரியே இங்கிலீஷில் 'டஸ் நாட் அரைஸ்' என்று எழுதி அடுத்ததை எடுத்தேன். அப்பா காலத்து ஆபீசில் இதையே 'ஸான் ஒப்ஜே' என்று எழுதுவார்கள். இரண்டு சர்க்கார் மாறியும் வார்த்தை மாறவில்லை.

பத்து நாள் கழித்து ஜன்னலுக்கு வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது, வலது கண்ணில் புரை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தம்பி, நீ இங்கதான் இருக்கியா?" என்றார். நான் ரிஜிஸ்டரைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, விதியில் இடமில்லை, பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். வாதாடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றார்.

நாற்பது வருஷத் தம்பி ஒரு நிமிஷத்தில் சார் ஆனேன்.

அந்த மனுவை அனுப்பியாகிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை, வழி உண்டு, எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

2010ல் ரிடையர் ஆனேன். அதற்கு அடுத்த வருஷம் நல்ல சார்ஜ் விளக்கு ஒன்று வாங்கிக்கொண்டு முருங்கப்பாக்கம் போனேன். தலையில் மாட்டிக்கொள்வது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். சின்ன வயதில் கடையில் நான் பேசாமல் நின்றதைச் சொன்னேன். "அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க" என்றார். மனு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது. அவர் மருமகள் கொண்டுவந்தது, சர்க்கரை இல்லாமல், நான் கேட்டபடி. குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விளக்கை வாங்கித் தடவிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார், தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார், அணைத்தார். "நல்ல பொருளு. ஆனா ஆத்துல எறங்கி வருஷமாச்சு சார். டவுன் சாக்கடையெல்லாம் வந்து தண்ணி கறுத்துப்போச்சு. மேல வெளிச்சம் விழுந்தா மேலயே நிக்குது, உள்ள எறங்க மாட்டேங்குது."

திரும்பும்போது விளக்கைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் காலமாகி இப்போது எட்டு வருஷம் ஆகிறது.

மகனுக்கு ஒரகடத்தில் வேலை, அதனால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். இங்கே ராத்திரி முழுக்க ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. கம்பெனிகளின் வெளிச்சத்தில் வானமே சாம்பல் நிறம். அமாவாசை என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். வண்டியில் வருகிற மீன்காரர் கொண்டுவருவது வனாமி இறால். பசிபிக் கடல் இனம், 2009ல் நம் நாட்டில் வளர்க்க அனுமதி கொடுத்த பிறகு எங்கும் அதுதான். எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி. எப்போதாவது ஒரு கிழவி ஏரி இறால் கொண்டுவருவாள். பொடிசு, சிலதின் வயிற்றடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னீர் இறால் முட்டையைச் சுமக்கும். எங்கள் ஆற்று வெள்ளை இறால் சுமக்காது, கடலில் விட்டுவிடும். இதைப் பேரனுக்குச் சொன்னேன், போனில் தேடிப் பார்த்துவிட்டு, "கரெக்ட்தான் தாத்தா" என்றான்.

இப்போது அவனுக்கு ஒரு கைவலை வேண்டுமாம். கம்பியும் மூங்கிலும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். பை பின்னத்தான் எனக்குத் தெரியாது. அதை அண்ணன்தான் பின்னுவார், நான் விளக்கைப் பிடித்தவன்.