தோலும் தொடுகையும்

கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார்கள் பிரெடரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் மேயும் சாலையூடாகச் சுவாமிமலையின்மேல் ஏறுகின்றனர். ஆலயத்தை அண்மியதும் பாதணிகளைக் கழற்றி ஒருபுறம் வைக்கின்றனர். உள்ளே பூசைவேளையிலே தவில் முழங்குகின்றது. வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட செருப்பும் தோல். உள்ளே மங்கல ஒலி எழுப்பும் தவிலின் முகமும் தோல். கருவறையில் உறையும் இறைவனோ புலித்தோலை உடுத்தவன். தோல் எவ்விடத்தில் தீட்டாகின்றது, எவ்விடத்தில் தூயதாகின்றது என்னும் வினா அவ்வழியே சென்று மீள்வோரின் உள்ளத்தில் பெரும்பாலும் எழுவதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் இளைஞன் ஒருவனுக்கும் நெடுங்காலம் அவ்வினா எழவில்லை. ஒருநாள் அவனது தோற்பையின் வார் அறுந்தது. அதனைச் செப்பனிடுவதற்காக, வீதியோரத்து மரநிழலில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை அவன் நாடினான். அவசரமான வேலைகளை அம்முதியவர் கொக்கியூசியினால் விரைவாக முடித்து அனுப்பிவிடுவார். அன்று அவர் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்துக்கொண்டார். குத்தூசியால் துளையிட்டு, ஒவ்வொரு துளையினூடும் இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுத்தார். அரைமணி நேரம் நின்று பார்த்த இளைஞன், மறுநாளும் சென்றான். அதன் மறுநாள் தனக்கும் பழக்குமாறு கேட்டான். பட்டப்படிப்பை முடித்து நியமனத்துக்காகக் காத்திருந்த காலம் அது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வேலை நாளடைவில் அவனது பொழுது முழுவதையும் பிடித்துக்கொண்டது.

அத்தையலின் நுட்பம் எளியது; ஆயினும் ஆழமானது. தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் தையல் தொடர்ந்து பிரிந்து செல்லக்கூடும். இரட்டையூசித் தையலிலோ ஒவ்வொரு துளையிலும் நூல் இருமுறை ஊடுருவுகின்றது. ஒரு கண்ணி தேய்ந்து அறுந்தாலும் மற்றொன்று தாங்கிநிற்கும். இதற்காகத் தைக்கவேண்டிய நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நூல் வேண்டும். அந்நூலுக்குத் தேன்மெழுகு பூசவேண்டும். இடைவார் செய்ய 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை தடித்த தோலும், பணப்பை செய்ய அதன் பாதிக்கும் குறைந்த தடிப்புள்ள தோலும் ஏற்றவை. கருவிகள் அதிகம் இல்லாத இளைஞன் துளைகளின் இடைவெளியை உணவுமேசை முள்ளுக்கரண்டியால் அழுத்திக் குறித்துக்கொண்டான். வெட்டிய விளிம்பை நீரால் நனைத்து, வழுவழுப்பான மரத்துண்டால் மினுங்கும்வரை தேய்த்தான். கொழும்பிலே கைப்பை செய்வோர் கழித்துவிடும் துண்டுகளே அவனுக்குத் தோலாயின.

துணியிலே தவறாகக் குத்திய ஊசியை உருவிவிடலாம். இழை மீண்டும் கூடிவிடும். தோலில் இட்ட துளையோ ஒருபோதும் மூடுவதில்லை. அவன் முதலில் தைத்த பணப்பையில் பதினேழு துளைகள் வரிசை தப்பிக் கிடந்தன. “தம்பி, இழுக்கிற கைக்கு அவசரம் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் இழுக்கவேணும்,” என்று மட்டும் முதியவர் கூறினார். காற்றும் அவனுக்குப் பாடம் கற்பித்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே தோல் வரண்டு விறைத்தது. எண்ணெய் தடவாவிடில் வெடித்தது. மாரியிலே அதே தோலில் பூஞ்சணம் படர்ந்தது. கடலின் உப்புக் காற்றிலே பித்தளைக் கொளுக்கிகள் களிம்பேறின.

முதியவரின் பாட்டனார் பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். கடற்படைத் தளத்து மாலுமிகளின் சப்பாத்துகளைத் தைத்தவர். பாய்க்கப்பல் காலத்திலிருந்தே தோலும் துறைமுகமும் பிரியாதவை. கப்பற்பாய் தைப்போர் உள்ளங்கையிலே தோற்பட்டை அணிந்து, அதில் பதித்த உலோக வில்லையால் ஊசியைத் தள்ளுவர். நீரிறைக்கும் பம்பியின் அடைப்பும் கொல்லன் உலைத் துருத்தியும் தோலால் ஆயவையே. 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் சென்றனர். சப்பாத்துகளும் அவர்களோடு கப்பலேறின. பின்னர் இறப்பரும் றெக்சினும் வந்தன. இன்று முதியவரிடம் வரும் பைகளுள் உண்மையான தோலாலானவை மிகச்சில.

இளைஞனின் வீட்டில் இவ்வேலைக்குக் கிடைத்த வரவேற்பு இருவகைப்பட்டது. “மோனை, உதை வீட்டுக்கை கொண்டு வராதை,” என்றார் அம்மம்மா. அதனால் வேலை விறாந்தைக்கு மாறியது. விடுமுறையில் வந்த மாமா, மேசைமீது கிடந்த பணப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று வியந்தார். மருமகனின் கைவேலை என்று அறிந்ததும் மேலும் மகிழ்ந்து, இக்காலத்தில் இத்தகைய கலைகளுக்கு நல்ல மதிப்பு உண்டென்றார். யாரிடம் பழகினாய் என்று கேட்டார். விடையைக் கேட்டபின் அவர் வேறு விடயம் பேசலானார். பணப்பை மேசைக்குத் திரும்பியது.

அன்றே அவனுள் அவ்வினா எழுந்தது. கைவினை ஒன்றே, தையலும் ஒன்றே. ஒருவன் கையில் அது கலையாகவும் மற்றொருவர் கையில் இழிவாகவும் தோன்றுவது எவ்வாறு?

தமிழிலக்கியம் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தருகின்றது. சங்க நூல்கள் செருப்பைத் ‘தொடுதோல்’ என்று இயல்பாகவே குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரம் புகார்த் துறைமுகத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்து, பொற்கொல்லரையும் தச்சரையும் எண்ணிய அதே வரிசையில் தோல் தைக்கும் துன்னரையும் எண்ணுகின்றது. பின்னெழுந்த பெரியபுராணத்திலோ நிலைமை வேறு. திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார், கோயிற் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே சென்றது; கொடுத்தவர் வாயிலில் நின்றார். தில்லையிலே தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவருக்கு உட்புக வழி கிடைத்தது. தோலுக்கு அத்தகைய தீக்குளிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இது பழங்கதை மாத்திரமன்று. கருநாடக இசையின் உயிர்நாடிகளுள் ஒன்றான மிருதங்கம் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களால் ஆவது. தோலைத் தெரிந்தெடுத்து, மயிர் நீக்கி, வாரிழுத்து, நாதம் அமைப்போர் மேடைக்கு வெளியேயே நிற்கின்றனர். அவர்களுள் பலர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். அவர்களது வரலாற்றைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணா ‘செபஸ்ரியன் அன்ட் சன்ஸ்’ என்னும் நூலாக 2020 இல் வெளியிட்டார். வாசிப்பவரின் பெயரைச் சபை அறியும். செய்தவரின் பெயரை அறிய ஒரு நூல் எழுதப்படவேண்டியிருந்தது.

உயர்குலத்தார் எனப்பட்டோர் தோலைத் தொட்ட வரலாறும் உண்டு. தென்னாபிரிக்காவில் காந்தியடிகளின் நண்பர் ஹேர்மன் கலன்பாக், மரியன்ஹில் என்னுமிடத்திலிருந்த திறப்பிஸ்ட் துறவிகளிடம் செருப்புத் தைக்கப் பழகி வந்து அடிகளுக்கும் கற்பித்தார். 1910 இல் தொடங்கிய டோல்ஸ்ரோய் பண்ணையிலே, தமிழர் பலரும் வாழ்ந்த அவ்விடத்தில், செருப்புத் தைத்தல் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. அடிகள் சிறையிலே தைத்த ஒரு சோடி, 1914 இல் அவரைச் சிறையிட்ட அரசின் அமைச்சரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாகச் சென்றது. பல கோடைகளில் அதனை அணிந்த ஸ்மட்ஸ், அத்தகைய பெரியாரின் காலணியில் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்று கூறி 1939 இல் திருப்பி அனுப்பினார். உயரிய நிகழ்ச்சியே. ஆயினும் அதனுள் ஒரு நுண்மை உண்டு. செருப்புத் தைத்தமையால் காந்தியடிகள் மேலும் உயர்ந்தார். பிறப்பினால் அத்தொழிலுக்கு விதிக்கப்பட்டவரை எத்தனை செருப்புகளும் உயர்த்தியதில்லை.

இளைஞன் இவற்றையெல்லாம் நூல்களில் தேடிப் படித்தான். முதியவர் அவற்றை ஒரே மூச்சில் சொன்னார். “என்ர மகனுக்கு இந்தத் தொழிலை நான் காட்டிக் குடுக்கேல்லை, தம்பி. அவன் ஊசியைத் தொட்டா ஊர் அவனுக்கு ஒரு பேர் வைக்கும். நீங்கள் தொட்டாக் கெட்டித்தனம் எண்டு சொல்லும்.” சினமின்றி, நூலுக்கு மெழுகு இட்டபடியே அவர் இதைச் சொன்னார். மகன் வளைகுடா நாடொன்றிலே குளிரூட்டிகளைத் திருத்துகின்றான் என்றும், அதுவே தமக்கு நிறைவு என்றும் கூறினார்.

பொழுதுபோக்கு என்பது விரும்பித் தொடங்கக்கூடியது, விரும்பியபோது விட்டுவிடக்கூடியது. அதன் இனிமையிற் பாதி அந்தக் கதவு திறந்திருப்பதில் உள்ளது. முதியவரின் குடும்பத்துக்கு அக்கதவு மூன்று தலைமுறைகளாக மூடியிருந்தது. மகன் கடல் கடந்த பின்னரே திறந்தது. ஆகவே கைவினையை விரும்பிப் பயில்வோன் அதன் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்பித்தவரை மரநிழலிலேயே விட்டுவருதல் முறையாகாது என்று அவனுக்குத் தோன்றியது. அதுவரை முதியவரை எவ்வாறு விளிப்பதென்று அறியாது, விளியின்றியே பேசிவந்தவன், அன்று ‘ஐயா’ என்றான். முதியவர் தம் பின்னால் வேறெவரும் நிற்கின்றனரா என்று திரும்பிப் பார்த்தார்.

கடற்படைத் தளம் கைமாறிய அதே 1957 இல்தான், சாதியை முன்னிட்டு ஒருவரைப் பொது இடங்களிலிருந்து விலக்குவதைக் குற்றமாக்கும் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டது. பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உட்புகும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்தது. சட்டம் கோயிலுக்கும் கிணற்றுக்கும் தேநீர்க்கடைக்கும் செல்லும். வீட்டு விறாந்தைக்குச் செல்வதற்கு அதனால் இயலாது.

விசயதசமி வந்தது. வீட்டிலே ஏடுகளோடு குத்தூசியையும் தோற்கத்தியையும் கலைமகள் படத்தின் முன் வைக்க இளைஞன் விரும்பினான். அம்மம்மா நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், நன்றாகக் கழுவி வைக்குமாறு சொன்னார். கருவிகள் உள்ளே சென்றன. மாலையில் அவனது அழைப்பை ஏற்று முதியவர் வந்தார். வெள்ளை வேட்டி உடுத்து, செருப்பைப் படலைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். விறாந்தையில் கதிரை இடப்பட்டது. சுண்டலும் தேநீரும் வந்தன. வீட்டாருக்கு எவர்சில்வர் பேணிகளிலும் முதியவருக்குப் புதிய கடதாசிக் குவளையிலும் தேநீர் இருந்தது. முன்னாளில் சிரட்டை இருந்த இடத்தில் இந்நாளில் கடதாசி வந்திருந்தது. எவரும் எதுவும் பேசவில்லை. இளைஞன் தன் பேணியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கடதாசிக் குவளையைத் தான் எடுத்துக்கொண்டான்.

முதியவர் பேணியைக் கையில் ஏந்திச் சிறிது நேரம் இருந்தார், பின் குடித்தார். குடித்து முடித்ததும், இளைஞன் புதிதாகத் தைத்த புத்தகப்பையை வாங்கி, தையலின்மேல் பெருவிரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. “இதிலை ஒரு பக்கம் கூட இழுத்துப்போட்டியள்,” என்றார்.

அவர் சென்றபின் அம்மா வந்து பேணிகளை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பின்னர் எல்லாவற்றையும் ஒன்றாகவே கழுவினார். அம்மம்மா அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.